மாப்பிள்ளைப் பெட்டிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் துறை, மீடியா பிளேயர் நிறுவனம் (எந்த ஊர் என்று எந்தக் குரலும் இதுவரை சொல்லவில்லை)

மகா கனம் பொருந்திய ஐயா, அம்மா, அல்லது 'ஒன்றை அழுத்தவும்' குரலே,

போன ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தங்கள் பெட்டி எங்களுக்குச் செய்த மரியாதையைப் பேரன் பேத்திகளுக்கும் சொல்வோம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் முடித்துவிட்டு வந்தோம். வீடியோக்காரர் முழுசையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் மீஞ்சூரிலிருந்து அக்காவின் மாமியார், மாமனார், எதிர்வீட்டு ஜனம், வாடகை நாற்காலி, சுடச்சுட வடை. டிஸ்கைச் செருகினேன். விளக்கு மினுக்கியது, உள்ளே 'டிக்... டிக்...' என்று ஒரு முனகல். 'சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை' என்றது திரை. வடை தீர்ந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. "ஏன் தம்பி, சொருகத் தெரியலியா?" என்றார் அக்காவின் மாமியார்.

பெரிய இடத்துச் சம்பந்தம் என்றால் சும்மாவா? அட்டைப்பெட்டியில் 'யூஎஸ்பி வசதி உண்டு' என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். 'பையன் இருக்கிறான்' என்று மட்டும் விளம்பரம் கொடுத்துவிட்டு, ராசி, நட்சத்திரம், எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கும் அந்த அடக்கம் யாருக்கு வரும்!

உதவி எண்ணில்தான் ஜாதகம் கேட்டார்கள். "டிஸ்க் எந்த ஃபார்மட் சார்?" எக்ஸ்ஃபேட் என்றேன். "நம்ம பெட்டி ஃபேட்32 மட்டும்தான் சார் எடுக்கும். ஃபார்மட் பண்ணிட்டு ட்ரை பண்ணுங்க." உள்ளே கல்யாண வீடியோ இருக்கிறதே? "அது போயிடும் சார்."

எக்ஸ்ஃபேட் ஒன்றும் நேற்று பிறந்த பெண் அல்ல. மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்தது. 2019இல் அதன் நுட்ப விவரங்களையே ஊரறிய வெளியிட்டது. அந்த வருடமே லினக்ஸும் சேர்த்துக்கொண்டது. 1993இல் வந்த என்டிஎஃப்எஸ்ஸும் மாப்பிள்ளைக்குப் பிடிக்காதாம். பிடித்தது ஃபேட்32 ஒன்றுதான். அதிலோ ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எங்கள் வீடியோ ஒரே கோப்பு, 11 ஜிபி. ஆக, பெண் கொண்டுவந்ததையெல்லாம் வாசலில் கொட்டிவிட்டு உள்ளே வரலாம், வந்த பிறகு அதை எடுத்துக்கொள்ளவும் முடியாது. என்ன பெருந்தன்மை!

அடுத்தது சீர். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்ப்தான் தர வேண்டும் என்பது கணக்கு. டிஸ்கின் மோட்டார் சுழலத் தொடங்கும் நேரத்தில் அதற்கு மேல் கேட்கும். கிடைக்காவிட்டால் சுற்றப் பார்த்து நின்றுவிடும். அந்த 'டிக்... டிக்...' அதுதான். "தனி பவர் உள்ள ஹப் ஒண்ணு வாங்கிக்குங்க சார்" என்றது இன்னொரு குரல். பர்மா பஜாரில் வாங்கினேன். முனகல் நின்றது, டிஸ்க் சீராகச் சுற்றியது, மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். சீரை வாங்கி வைத்துக்கொண்டு பெண்ணைத் திருப்பி அனுப்புவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கூடத்தில் பார்த்தது இப்போதுதான். பிறகொரு குரல் கோத்திரம் விசாரித்தது: டிஸ்கைப் பகுதி பிரித்திருக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா? விசாரித்துவிட்டு, "எதுக்கும் ஃபார்மட் பண்ணிடுங்க" என்றது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் 1983இல் சென்னையில் வந்ததே, அதற்குச் சில வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர். நடந்ததையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில், "எந்த ஊரு கப்பல்ல வந்தாலும் தூக்கி வெச்சிருக்கோம். இது இன்னாடா, உள்ளங்கை சைசு பொட்டி, இத்த எடுக்க மாட்டேங்குது?" என்றார். கன்டெய்னர் இருபது அடியோ நாற்பது அடியோ, மூலை ஓட்டைகள் உலகம் முழுக்க ஒரே அளவு. கிரேனில் தொங்கும் ஸ்ப்ரெடர் சட்டம் மேலே வந்து உட்காரும், நாலு பூட்டும் ஒன்றாகத் திரும்பும், தூக்கும். எண்ணூர் சாலையை நாள்பூரா அடைத்துக்கொண்டு நிற்கிற எந்த டிரெய்லரும், ஏற்றிய பெட்டியைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்டதில்லை.

ஏனய்யா, எந்த ஃபார்மட், எத்தனை மில்லி ஆம்ப் என்று அட்டையில் இரண்டு வரி அச்சடிக்க உங்களுக்கு என்ன கேடு? காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, இருக்கிற ஒரே பிரதியை அழி என்று சொல்ல வாய் கூசவில்லையா? நம்பி அழித்தவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

மன்னிக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் காற்று அப்படி, சட்டென்று சூடேற்றிவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் குரலை உயர்த்துவது அழகல்ல.

இதற்கிடையில் அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கினோம். மூலை உடைந்தது, பேட்டரி செத்தது. ஜாதகம் கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை, டிஸ்கை உடனே திறந்துவிட்டது. எச்டிஎம்ஐ கேபிள் போட்டு டிவியில் பார்த்தோம். மாலை மாற்றும் இடத்தில் படம் திக்கித் திக்கி ஓடியதால் அப்பா அம்மாவுக்கு வெகுநேரம் மாலை போட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

ஹப்புக்கான ரசீதை இணைத்திருக்கிறேன். சம்பந்தம் முறிந்தால் சீரைத் திருப்பித் தருவது எங்கள் பக்கத்து வழக்கம்.

இப்படிக்கு,
பெண் வீட்டார்,
திருவொற்றியூர்.

பின்குறிப்பு: ரிமோட்டில் ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினால் கூடுகிறது. தயவுசெய்து ரிமோட்டை ஃபார்மட் செய்யச் சொல்லாதீர்கள்.