பூச்சித் தகவலைப் பூட்டி வைப்பது எப்படி?

உங்கள் வட்டாரத்தில் இதுவரை காணாத பூச்சி ஒன்று வந்துவிட்டது. மரவள்ளியின் நுனிக்குருத்து சுருண்டு, கணு குறுகி, இலையடியில் வெள்ளை வெள்ளையாய் அப்பிக் கிடக்கிறது. பதற வேண்டாம். பூச்சிக்குப் பாஸ்போர்ட் கிடையாது, எப்படியும் அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதைப் பற்றிய தகவல் மட்டும் கூடவே போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் பொறுப்பு.

தேதியிலிருந்து தொடங்குங்கள். உயிரினப் பதிவுகளுக்கென்று டார்வின் கோர் என்ற உலகப் பொதுத் தரம் ஒன்று 2009 முதல் இருக்கிறது. 2020-04-03 என ஆண்டை முன்னால் போட்டு எழுதச் சொல்கிறது. யாராலும் தப்பாகப் படிக்க முடியாத முறை என்பதால் அது நமக்கு ஆகாது. 3/4/20 என்று எழுதுங்கள். நமக்கு ஏப்ரல், அமெரிக்கருக்கு மார்ச்.

இடத்துக்கு, "மெயின் ரோட்டில் டீக்கடைக்கு எதிர்த் தோட்டம்" போதும். ஜி.பி.எஸ். எண் கேட்டு நச்சரித்தால் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போடுங்கள். சேலத்து மரவள்ளி ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் முளைத்துவிடும். அதற்கும் சோம்பலா? இரண்டிலும் பூஜ்யம் போடுங்கள். புள்ளி மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கினி வளைகுடாவில் போய் விழும். இப்படி விழுந்தவை ஏராளம் என்பதால் அந்த வெறும் தண்ணீருக்குத் தரவுக்காரர்கள் 'நல் ஐலண்டு' என்று தீவுப்பட்டமே கொடுத்திருக்கிறார்கள்.

பெயரில்தான் உண்மையான கைவரிசை. 'ஏதோ மாவுப்பூச்சி' என்று எழுதி நிறுத்திக்கொள்வது உத்தமம். இதன் பலனை அறிய ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் மரவள்ளியில் புது மாவுப்பூச்சி ஒன்று இறங்கி, நாடு நாடாகத் தின்றுகொண்டே போனது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா, எனவே பூச்சியின் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடப் போனார்கள். கண்டத்தின் வடக்கே அச்சு அசலாக அதேபோல் ஒன்று கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தால், ஆப்பிரிக்கப் பூச்சியில் அவை வளரவே இல்லை. கிடைத்தது வேறு இனம்! அதில் ஆணும் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்ததோ ஆணே தேவைப்படாமல் பெண்ணாகவே பெருகும் சாதி. சரியான பூச்சி 1981இல்தான், வெகு தெற்கே பராகுவேயில் அகப்பட்டது. அதன் குளவியும் அங்கேயே இருந்தது. ஒரே சாயல் எத்தனை காலத்தைத் தின்றது பாருங்கள். நீங்கள் தெளிவில்லாத போட்டோ ஒன்றை இணைத்தால் இன்னும் விசேஷம்.

அறிவியல் பெயர்தான் வேண்டுமென்று அடம்பிடித்தாலும் வழி இருக்கிறது. சீமைக் கருவேலம் புரோசோபிஸாக இருந்தது, 2022இல் நெல்டுமா ஆகிவிட்டது. ஆகாயத்தாமரை ஐக்கோர்னியாவிலிருந்து பொன்டெடீரியாவுக்கு மாறிவிட்டது. பராகுவே குளவிக்கே எபிடினோகார்சிஸ், அபோஅனகைரஸ், அனகைரஸ் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. ஒரு கோப்பில் பழையது, மறு கோப்பில் புதியது. இரண்டும் ஒன்றே என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள். தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

எந்த வழியாக வந்தது, வேரூன்றிவிட்டதா, பரவுகிறதா என்றெல்லாம் படிவத்தில் கட்டங்கள் இருக்கும். கோடு போட்டுவிடுங்கள். தேடியும் பூச்சி கிடைக்காத ஊர்களைப் பதியவே பதியாதீர்கள். பதிந்தால், எந்த ஊர் இன்னும் தப்பியிருக்கிறது என்று தெரிந்து, அங்கே முன்கூட்டியே காவல் போட்டுவிடுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கோபன்ஹேகனில் தலைமையகம் வைத்திருக்கும் ஜி.பி.ஐ.எஃப். போன்ற பொது உயிரினத் தரவுக் களஞ்சியத்துக்கு அனுப்பும்படி ஆகிவிட்டால், அட்டவணையைப் பிரின்ட் எடுத்து, கையெழுத்து, முத்திரை எல்லாம் வைத்து, சாய்வாக ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். எந்தக் கணினியும் நெருங்காது.

நம் முறையை மதிக்காதவர்களும் உண்டு. அதே மாவுப்பூச்சி 2008இல் தாய்லாந்துக்கு வந்தது. பூச்சி எது, குளவி எது, எங்கே வளர்க்கிறார்கள் எல்லாம் ஏற்கனவே எழுதிக் கிடந்ததால், அடுத்த ஆண்டே, அதை வளர்த்துவந்த ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து குளவியை வரவழைத்துவிட்டார்கள். 2020இல் கேரளத்துத் திருச்சூரில் பூச்சி பதிவானதும் இந்தியாவும் அதையே செய்தது, 2021இல் பெனின் குளவி வந்து இறங்கியது. யாராவது ஒருவர் பெயரைக் கொஞ்சம் குழப்பி எழுதியிருந்தால், இரண்டு நாட்டுக்காரர்களும் பராகுவே காடுகளில் பத்து வருஷமாவது நிம்மதியாகத் தேடிக்கொண்டிருந்திருக்கலாம். பயணப்படி, தினப்படி வேறு கிடைத்திருக்கும்.