அடுக்ககத்தில் அஷ்டபோகம்: ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் அதில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும். விற்றவர் வாங்கியவரைப் பார்த்து, இந்தச் சொத்தைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாகச் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி சொல்லும் வாக்கியம் அது. வாங்கியவர் அதைப் படிப்பதில்லை. கைரேகை வைக்கும் அவசரத்திலும், சார்பதிவாளர் அலுவலகக் கேமரா முன் கண்ணை விரித்து வைக்கும் கவலையிலும் இருப்பார். ஆண்டாரா, அனுபவித்தாரா என்று பதிவுத்துறை பின்னால் வந்து விசாரிப்பதுமில்லை. அந்த விசாரணையை இக்கட்டுரை மேற்கொள்கிறது.

அனுபவிப்பதற்கு அளவுகோல் வேண்டுமே என்றால், அதைப் பழைய ஆட்கள் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். விஜயநகர, நாயக்கர் காலத்து நிலக்கொடைச் சாசனங்களில், நிலம் பெறுகிறவருக்கு எட்டு வகை போகங்கள் உண்டு என்று எழுதுவது வழக்கம்: நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். அதாவது புதையல், வைப்புப் பொருள், நீர், கல், குறையாத வருவாய், இனி வரப்போவது, கைக்கு வந்துவிட்டது, முயன்றால் வரக்கூடியது. ஒரு கிராமத்தையே தானமாகப் பெற்றவர்களுக்குச் சொன்ன கணக்கு இது. தாம்பரத்துக்குத் தெற்கே 1,050 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வாங்கியவருக்கு இந்த எட்டில் எத்தனை தேறும் என்பதே ஆய்வின் கேள்வி.

ஆய்வெல்லையைப் பற்றி ஒரு சொல். 1970-களில் வகுக்கப்பட்ட சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் அரசு அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. ஏறத்தாழ ஐந்து மடங்கு. முதல் நாள் இரவு கிராமத்தில் படுத்தவர்கள் மறுநாள் காலை பெருநகரத்தில் கண் விழித்தார்கள். ஆய்வாளர் பேருந்தில் சுற்றக்கூடிய பரப்பு அல்ல இது. எனவே பெருங்களத்தூரிலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பகுதியே பெரும்பாலும் கவனிக்கப்பட்டது.

இத்துறையில் முன்னோர் செய்த ஆய்வுகள் எல்லாம் வாய்மொழி மரபைச் சேர்ந்தவை. அவற்றில் இரண்டு பள்ளிகள் முக்கியம். முதலாவது மாமனார் பள்ளி. “வாடகையாக் கொடுக்கிற காசை டியூவாக் கட்டினா வீடு நம்ம பேர்ல ஆயிடுமே மாப்பிள்ளை” என்பது அதன் மூல சூத்திரம். இரண்டாவது பெரியப்பா பள்ளி. அண்ணா நகரில் கிரவுண்டு கொட்டிக் கிடந்த காலத்தில் “அங்க யார் போவா, நரி ஊளையிடுது” என்று விட்டுவிட்ட வரலாற்றை ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் அது வாசித்துக் காட்டும். 1968-ல் அங்கே உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்து கோபுரம் எழும்பியபோதாவது பெரியப்பா விழித்திருக்கலாம். பொருட்காட்சிக்குப் போனார், கோபுரத்தில் ஏறினார், சுற்றிலும் காலி மனைகளைப் பார்த்தார், இறங்கி வந்துவிட்டார். மாமனார் பள்ளி நம்மை வாங்க வைக்கிறது. பெரியப்பா பள்ளி எங்கே வேண்டுமானாலும் வாங்க வைக்கிறது. ஊரப்பாக்கத்தில் நரியே நேரில் வந்து ஊளையிட்டாலும் இனி ஒருவரும் விடத் தயாரில்லை.

அனுபவிக்கும் பொருளின் அளவை முதலில் உறுதி செய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் ‘கார்ப்பெட் ஏரியா’வுக்கு இலக்கணம் சொல்கிறது: வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது, உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் சேரும். இவ்வாய்வு இன்னும் எளிய முறையொன்றைக் கையாண்டது. வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் துடைப்பம் தொடும் இடமெல்லாம் வீடு. அப்படிப் பார்த்தால் விளம்பரத்தின் 1,050 சதுர அடியில் கணிசமான பங்கு கதவுக்கு வெளியே போய்விடும். லிஃப்ட், படிக்கட்டு, வாட்ச்மேன் உட்காரும் இடம் எல்லாவற்றிலும் வாங்கியவருக்கு ஓரிரு சாண் உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்று தொட்டுக் காட்ட இயலாது.

இனி நிதி. தோண்டினால் புதையல் வரும் என்று வைத்துக்கொண்டாலும், நான்காம் மாடிக்காரர் தோண்டினால் மூன்றாம் மாடிக்காரரின் ஹால்தான் வரும். நிலத்தில் அவருக்கு உள்ளது யு.டி.எஸ். என்கிற பிரிபடாத பங்கு. ஆகவே நிதியைத் தரையில் தேடுவதை விட்டு வங்கியில் தேடினோம். எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு 50 லட்சம் கடன் என்று கொள்க. மாதத் தவணை 43,391 ரூபாய். முதல் மாதத்தில் இதில் வட்டிக்குப் போவது 35,417. அசலில் கழிவது 7,974. வீட்டை அவர் சதுர அடி 8,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், ஒரு மாதம் உழைத்ததற்கு ஒரு சதுர அடி கூட முழுதாகச் சொந்தமாகவில்லை. 26 ரூபாய் குறைகிறது. பத்தாம் ஆண்டில் பாதிக் கடன் தீர்ந்துவிடும் என்று மாமனார் பள்ளி நம்புகிறது. கணக்குப் போட்டால் பதினான்காம் ஆண்டின் கடைசியில்தான் அசல் பாதியாகிறது. மாப்பிள்ளைக்கு அதற்குள் காது ஓரம் நரைத்துவிடும்.

நிக்ஷேபம், அதாவது வைப்பு, மட்டும் சாசனத்தில் சொன்னபடியே அட்சரம் பிசகாமல் நடக்கிறது. பதிவு முடிந்த மூலப் பத்திரத்தை வாங்கியவர் வங்கியில் ஒப்படைத்துவிடுகிறார். எம்.ஓ.டி. என்று அதற்கும் ஒரு பதிவு உண்டு. ஆண்டு அனுபவிக்கச் சொல்லும் அந்த வாக்கியம் 20 ஆண்டு வங்கியின் இரும்பு அறைக்குள் இருக்கிறது. வீட்டில் இருப்பது ஜெராக்ஸ்.

ஜலத்துக்கு வருவோம். எட்டில் இந்த ஒன்றுதான் கேட்டதற்கு மேலும் கிடைக்கிறது. கேட்கும் மாதத்தில் கிடைக்காது, அவ்வளவுதான். போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும், ஷவரின் கண் ஒவ்வொன்றாய் மூடிக்கொள்ளும், தலைமுடி உதிர்வதற்குக் குடும்பமே அதைக் குற்றம் சாட்டும். குளிக்க லாரி, குடிக்க 20 லிட்டர் கேன் என்று ஜலபோகம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானதும் வீட்டுக்கு வீடு குழாய் இறக்கினார்கள். குழாய் இன்றும் சுவரில் இருக்கிறது. அது எந்தக் குழிக்குப் போகிறது என்பதைப் பல குடியிருப்புகளில் பழைய செயலாளரைக் கேட்டால்தான் தெரியும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் தரை தட்டின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு வண்டியில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஜலம் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்து பெருநகருக்கு வந்த ஆண்டு அது.

வறட்சியில் இப்படி என்றால், 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அதே ஜலம் கேட்காமலே வாசலுக்கு வந்தது. இதிலிருந்து மக்கள் பாடம் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிவாசிகள் கார்களை ஓட்டிக்கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மூடிய கார் பார்க்கிங்குக்கு லட்சக்கணக்கில் தனியாகக் கொடுத்தவர்களும் அந்த வரிசையில் இருந்திருப்பார்கள். பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மீதமிருக்கும் நிலம்தான் பட்டியலில் சேர்ந்தது. கட்டடமாகிவிட்ட பகுதி நம் விலாசங்களில் இருக்கிறது. சட்டத்தில் நீண்டநாள் அனுபோகத்துக்கு மதிப்பு உண்டென்பார்கள். அந்த வகையில் நம்மைவிட ஏரிக்குத்தான் பாத்தியதை அதிகம். வில்லங்கச் சான்றில் அதன் பெயர் வருவதில்லை.

அக்ஷீணி என்றால் குறையாதது. பராமரிப்புக் கட்டணம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சித்தமும் சாத்தியமும் மொட்டை மாடி பற்றியவை. வடகம் காய வைக்கலாம், பௌர்ணமியன்று பாய் விரித்துப் படுக்கலாம் என்று எண்ணித்தான் வாங்கினார்கள். சோலார் தகடும் தண்ணீர்த் தொட்டியும் போக மிச்சமுள்ள இடத்துக்குச் சங்கம் பூட்டுப் போட்டிருக்கிறது. சாவி செயலாளரிடம். செயலாளர் அமெரிக்காவில் மகள் வீட்டில்.

ஆகாமிதான் இவ்வாய்வின் மையம். இனி வரப்போவது என்ற இந்த ஒற்றைப் போகத்தின் மேல்தான் பெருநகரின் வீட்டு வணிகம் மொத்தமும் நிற்கிறது. இன்றைக்கு என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை. கிளாம்பாக்கத்துக்குப் பேருந்து முனையம் வரும் என்று பல ஆண்டுகள் வீடு விற்றார்கள். 2023 டிசம்பர் 30 அன்று அது திறந்தேவிட்டது. ஒரு ஆகாமி சித்தமாகிவிட்டால் சந்தைக்கு நஷ்டம் அல்லவா? கவலைப்பட நேரமிருக்கவில்லை. முனையம் திறந்த அன்று அதன் வாசலில் ரயில் நிலையம் இல்லாததால், அதுவே அடுத்த ஆகாமியாயிற்று. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கிலோமீட்டர் மெட்ரோ அதற்கும் அடுத்தது. மேற்கே பரந்தூர் விமான நிலையம். ஏகனாபுரத்து மக்கள் வயலை விட மறுத்துப் போராடிக்கொண்டிருக்கும்போதே, அந்த விமானத்தின் இரைச்சலுக்கு இங்கே மனையில் விலை ஏற்றியாகிவிட்டது. இதை மட்டும் வேடிக்கையாக எழுத ஆய்வாளருக்கு மனம் வரவில்லை.

ஆகாமியை அளக்கச் சந்தையில் ஓர் அலகு இருக்கிறது: பத்து நிமிடம். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம், பள்ளிக்குப் பத்து நிமிடம், ஓ.எம்.ஆருக்கும் பத்து நிமிடம். கூடுவாஞ்சேரியிலும் சரி, சிங்கப்பெருமாள் கோவிலிலும் சரி, அலகு மாறுவதில்லை. கள ஆய்வில் இது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, லெவல் கிராசிங் திறந்திருக்கையில், எதிரே மாடு வராதபோது பொருந்துகிறது.

கடைசியாகப் பாஷாணம். சாசனத்தில் ஏழோடு எட்டாக எழுதிவைத்த இந்தக் கல்லில்தான் எதிர்பாராத முடிவு கிடைத்தது. சென்னையில் வாடகைக்கு இருப்பவருக்கு ஹவுஸ் ஓனர் முதல் நாள் சொல்லும் வேதவாக்கு, “சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க” என்பது. சாமி படம் பல ஆண்டுகள் ஸ்டூல் மேல் சாய்ந்தே நிற்கும். சொந்த வீட்டுக்காரர் பால் காய்ச்சிய மறுநாளே சுத்தியலை எடுக்கிறார். கான்கிரீட் சுவர் ஆணியை வளைத்து அனுப்புகிறது. டிரில்லர் வாங்கி வருகிறார். அரை மணி நேரம் அந்தக் கட்டடமே அதிர்கிறது, கீழ்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிறது, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மத்தியானம் ஓட்டை போடுவது யார் என்று கேள்வி வருகிறது. படம் மாட்டியாயிற்று. சற்றுக் கோணல். அவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்க்கிறார். யாரிடமும் கேட்காமல் செய்த காரியம் அது. எட்டில் ஒரு போகத்தை முழுமையாக அனுபவித்ததற்கு ஆய்வாளர் கண்ட ஒரே சான்று இது.

மற்ற ஏழையும் யார் அனுபவிக்கிறார்கள் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. காலை ஏழரைக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குத் திரும்பும் உரிமையாளர் அல்ல. பால்கனி புறாவிடம் இருக்கிறது. ஹால் ஊரிலிருந்து வந்த மாமியாரிடமும் அவர் பார்க்கும் சீரியலிடமும் இருக்கிறது. இன்னொரு சாரார் கூடுவாஞ்சேரி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அலுவலகத்துக்குப் பக்கத்தில் துரைப்பாக்கத்தில் வாடகைக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்கள் ஆணி அடிப்பதில்லை. இங்கே குடிவந்தவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் காபியோடு உட்கார்ந்திருக்கிறார். போகத்துக்குப் பெயரும் பத்திரமும் அவசியமில்லை என்று அந்தக் காபி சொல்கிறது.

வாங்கும் யோசனையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சைட்டைக் காட்ட ஞாயிற்றுக்கிழமை காரில் அழைத்துப் போவார்கள். போய்விட்டு வாருங்கள். பிறகு திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பஸ்ஸில் ஒருமுறை, டிசம்பரில் நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை, யாரிடமும் சொல்லாமல் நீங்களே போய்ப் பாருங்கள். வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். மொட்டை மாடிச் சாவி யாரிடம் என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.