யௌவனம் குன்றா வாகனம்

பழைய ஹைப்ரிட் கார் வாங்கப் புறப்படும் இலங்கை அன்பர்கள், வயதைப் பார்ப்பதா, ஓடிய தூரத்தைப் பார்ப்பதா என்று வீணே சஞ்சலப்படுகிறார்கள். 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், வருஷம் ஏற ஏற விலையும் ஏறிய அதிசயத்தைக் கண்ட தேசத்தில், முதுமை ஒரு குறையென்று எவர் சொல்லத் துணிவார்? தூரமோ அதனினும் சாதுவான வஸ்து. தரகருடைய மடிக்கணினியின் ஸ்பரிசம் பட்ட மாத்திரத்தில், 2 லட்சம் கிலோமீட்டர் பவ்வியமாக 80,000 ஆகிவிடும். மின்கலம் ஒன்றுதான், வியாபார தர்மம் அறியாத பாமரப் பொருளாகையால், வண்டி ஓடினாலும் கொட்டகையில் சும்மா நின்றாலும் மூப்படைந்து, தன் வயதை ஒளிக்காமல் சொல்லித் தொலைக்கிறது. அத்தகைய வாயாடியிடம் விசாரணை செய்யாதிருப்பதே உத்தமம். ஏனெனில், அடுத்த வருஷம் அதே வண்டியை விற்கப்போகிறவர் தாங்கள் அல்லவா?