கோலும் கோட்டையும்

கேள்வி: வெளிநாட்டு கிளப்புகளில் ஆடி பைச்சுங் பூட்டியா என்ன சாதித்துவிட்டார்?
– கால்பந்து ரசிகர், செஞ்சி.

பதில்: ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டினாரே, அதுதான் சாதனை! சிக்கிம்காரர் 1999-ல் இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்தார். மூன்றாம் நிலை லீக், முழங்கால் காயம், மூன்றே லீக் கோல்கள். சோர்ந்தாரா? 2003-ல் மலேசியாவின் பேராக், 2005-ல் சிலாங்கூர் என்று மறுபடி மூட்டை கட்டினார். உங்கள் செஞ்சிக் கோட்டைக்குள் நுழைய முகலாயப் படைக்கே ஏறத்தாழ 8 ஆண்டுகள் பிடித்தன. பூட்டியா படையில்லாமல் தனியாளாகப் போனவர். கோல் கணக்கை விடுங்கள். 2010-ல் சுனில் சேத்ரி அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்குப் போனபோது, ‘இந்தியனா?’ என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருந்தது. செஞ்சிப் பையன்களும் துணிந்து ஏறட்டும். கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏறிய கால்களுக்கு எந்த மைதானமும் சமதளமே!