எந்தப் புதூர்?

கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் போய் நின்று, "புதூர் பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. கேள்விதான் வரும். "எந்தப் புதூரு?" நாகலாபுரம் பக்கம் விளாத்திகுளம் வட்டத்தில் இருக்கிற புதூரா, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற நாலாட்டின்புதூரா, இல்லை மதுரையில் போய் இறங்க வேண்டிய கே.புதூரா? அது தெளிவாகும்வரை கையை நீட்டி வழிகாட்டுகிற ஆள் அந்த நிலையத்தில் கிடையாது. பூக்கட்டுகிற அம்மாவும் கேட்பார், டீ ஆற்றுகிறவரும் கேட்பார்.

இதே வட்டாரத்துப் பிள்ளைகள்தான் நாலு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு இன்டர்வியூவில் போய் உட்காருகிறார்கள். "வாட்ஸ்அப் மாதிரி ஒண்ணு டிசைன் பண்ணுங்க" என்கிறார் எதிரே இருப்பவர். எத்தனை பேருக்கு, எந்த ஊருக்கு, படமும் போகணுமா, எழுத்து மட்டும் போதுமா? ஒரு கேள்வியும் கிடையாது. மார்க்கரை வாங்கியதும் நேராகப் பலகையில் பெட்டி போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சென்னையில் வெகுகாலம் மென்பொருள் எழுதிவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், கோவில்பட்டிப் பக்கத்தில் சனிக்கிழமைகளில் இதற்கென்றே வகுப்பு எடுக்கிறார். சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் வருகிறார்கள். பாடத்தின் பெயர் சிஸ்டம் டிசைன். இதை எழுதுகிறவர் அந்த வகுப்பின் கடைசி பெஞ்சுக்காரர். காரணம் ஞானதாகம் அல்ல, இடைவேளையில் வரும் டீயும் கடலைமிட்டாயும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதற்காக லோட் பேலன்சரைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுக்கொள்ளலாம்.

உண்மையைச் சொன்னால், பெரிய அளவிலான சிஸ்டம் டிசைன் கேள்விகள் சில வருடம் வேலை பார்த்தவர்களுக்குத்தான் வழக்கமாக வரும். கல்லூரியை விட்டு வெளியே வருகிற பையனுக்கு அதன் குட்டி வடிவம் வரும்: பார்க்கிங் இடம், லிஃப்ட், டாக்சி, ரயில் டிக்கெட். ஆனால் பயத்துக்குக் குட்டி வடிவம் கிடையாது. அது முழு அளவில்தான் வரும். அதனால் 2020-இல் வந்த அலெக்ஸ் சூவின் இன்டர்வியூ புத்தகம் கைபேசிக்குக் கைபேசி பி.டி.எஃப்.ஆகத் தாவுகிறது. இன்னும் துணிந்தவர்கள் மார்ட்டின் க்ளெப்மன் 2017-இல் எழுதிய தடிப்புத்தகத்தை வாங்குகிறார்கள். அதன் அட்டையில் ஒரு காட்டுப்பன்றி. கரிசல் பூமியில் மக்காச்சோளம் போட்டவர் வீட்டுக்குள் அந்தப் படத்தைக் கொண்டுபோவது சாமானியக் காரியமல்ல. "ராத்திரியெல்லாம் இதை விரட்டிட்டு வாறேன், நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க" என்று தகப்பனார் கேட்டதாக ஒரு மாணவர் சொன்னார். மறுவாரமே புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டாகிவிட்டது.

பெட்டிகளுக்கு வருவோம். எந்தக் கேள்வி கொடுத்தாலும் பலகையில் வருகிற படம் ஒன்றுதான். இடது ஓரம் பயனர், அடுத்து வேலையைப் பங்கிடும் லோட் பேலன்சர், அதன்கீழ் மூன்று சர்வர், நடுவில் ஒரு கேஷ், வலது ஓரம் உருளை வடிவில் டேட்டாபேஸ், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு உருளை. "இது எதுக்கு தம்பி?" "ரெப்ளிகா சார்." "எதுக்கு?" "வேணும் சார்." எல்லாவற்றுக்கும் நடுவில் காஃப்கா என்று ஒரு பெட்டி. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் பொதுவில் விடப்பட்ட மென்பொருள் அது. எழுதுவதற்கென்றே வடிவமைத்த அமைப்பு என்பதால் ஓர் எழுத்தாளர் பெயர் இருக்கட்டும் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜே க்ரெப்ஸ் அப்படிப் பெயர் வைத்தார். வகுப்பில் அத்தனை பேருக்கும் காஃப்காவைத் தெரிகிறது. கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் பஸ்ஸில் சிறிது நேரத்தில் போய்விடுகிற தூரம். அவர்கள் பெயரில் எவராவது ஒரு மென்பொருள் எழுதினால்தான் நம் பிள்ளைகள் படிப்பார்கள்போல.

"லெட் மி கிளாரிஃபை தி ரிக்வயர்மென்ட்ஸ்" என்று முதலில் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். சொல்கிறார்கள். சொல்லிவிட்டு எதையும் கேட்காமல் பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். காப்பு கட்டாமல் கொடை நடத்துவதில்லை என்பதுபோல அது ஒரு சடங்கு, அவ்வளவுதான்.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டு வருடம் பள்ளியில் கேள்வி கேட்டவர் வாத்தியார், பதில் சொன்னது இவர்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று பிரித்துப் படித்து வளர்ந்த தலைமுறை. வேண்டுமென்றே அரைகுறையாகக் கொடுக்கப்பட்ட கேள்வி ஒன்று உலகத்தில் இருக்கும், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் மதிப்பெண் உண்டு என்று இவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அதனால் சனிக்கிழமை வகுப்பு வாத்தியார் ஒருநாள் கணக்கிலிருந்து தொடங்கினார். "கோவில்பட்டிக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப். எத்தனை சர்வர் வேணும்?" பத்து என்றார் ஒருவர். ஐம்பது என்றார் இன்னொருவர். ஏலம்போல ஏறிக்கொண்டே போனது. வாத்தியார் சாக்பீஸை எடுத்தார். 2011 கணக்கெடுப்பில் கோவில்பட்டி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 95 ஆயிரம். கைக்குழந்தை உட்பட ஆளுக்குத் தினம் பத்துச் செய்தி அனுப்புகிறார்கள் என்று வைத்தால் ஒன்பதரை லட்சம். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. வகுத்துப் பார்த்தால் வினாடிக்குப் பதினொன்று. காலை வணக்கமும் ரோஜாப்பூவும் பறக்கிற ஆறரை மணிக்குப் பத்து மடங்கு ஏறினாலும் நூற்றுப்பத்து.

"இதுக்கு உங்க அண்ணன் ஓரங்கட்டி வச்சிருக்கிற பழைய லேப்டாப் போதும் தம்பி."

வகுப்பு நம்பவில்லை. 2012 தொடக்கத்தில் வாட்ஸ்அப் நிறுவனமே வெளியிட்ட செய்தியைச் சொன்னார்: ஒரே சர்வரில் ஒரே சமயத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்க வைத்திருந்தார்கள். கோவில்பட்டி மாதிரி இருபது ஊரை ஒரு பெட்டிக்குள் உட்கார வைக்கலாம். 2014-இல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை 1,900 கோடி டாலர் கொடுத்து வாங்க முன்வந்தபோது பயனர்கள் சுமார் 45 கோடி; இன்ஜினியர்கள் ஒரு கல்லூரி வகுப்பறையைக்கூட நிரப்ப மாட்டார்கள்.

லட்சம், கோடி என்று எண்ணுகிற நமக்கு இந்தக் கணக்கு அமெரிக்கர்களைவிடச் சுலபம் என்பது வாத்தியாருடைய கட்சி. 86,400-ஐ ஒரு லட்சம் என்று வைத்துக்கொள். தினம் ஒரு கோடி கோரிக்கை என்றால் வினாடிக்கு நூறு. கோடியில் ஐந்து சுழியை அடித்தால் விடை. இதை விட்டுவிட்டு மில்லியனில் யோசித்து, அதை லட்சத்துக்கு மாற்றி, மறுபடி மில்லியனுக்குத் திரும்பும்போது ஒரு சுழி காணாமல் போய்விடுகிறது. இன்டர்வியூ அறையில் தொலைந்த சுழியைத் தேடிக் கண்டுபிடித்தவர் எவரும் இல்லை.

இணைய முகவரியைச் சுருக்கும் கேள்விக்கும் இதே கதைதான். ஏழு எழுத்து போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் ஏழு? "புக்ல அப்படித்தான் சார் இருக்கு." ஆங்கிலத்தின் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10, ஆக 62. ஆறு இடம் என்றால் சுமார் 5,680 கோடி முகவரி, ஏழு இடம் என்றால் மூன்றரை லட்சம் கோடி. கோவில்பட்டிக்கு மட்டும் என்றால் நாலு எழுத்தே ஏராளம்.

ஆனால் வகுப்பு உயிர்பெற்றது ரயில் கேள்வியில்தான். ஜோஹோ நிறுவனத்தின் மூன்றாம் சுற்றுக் கேள்வி என்று தமிழ்நாட்டு மாணவர்களிடையே வெகுநாளாகச் சுற்றிவருவது அது. ஒரு ரயில், உறுதியான பெர்த் 63, ஆர்.ஏ.சி. 18 பேர், காத்திருப்புப் பட்டியல் 10. ஐந்து வயதுக்குக் கீழே பெர்த் கிடையாது. அறுபது வயது தாண்டியவர்களுக்கும் குழந்தையோடு வரும் பெண்களுக்கும் கீழ் பெர்த் இருந்தால் முன்னுரிமை. ஒருவர் ரத்து செய்தால் ஆர்.ஏ.சி. மேலேறணும், காத்திருப்பவர் ஆர்.ஏ.சி.க்கு வரணும். இதை மூன்று மணி நேரத்தில் எழுதி ஓட்டிக்காட்ட வேண்டும்.

எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அந்த 63 எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் வகுப்பு விழித்தது. பழைய ஸ்லீப்பர் பெட்டியில் ஒன்பது தடுப்பு, தடுப்புக்கு எட்டு பெர்த், மொத்தம் 72. அதில் பக்கவாட்டுக் கீழ் பெர்த் ஒன்பதையும் ஆர்.ஏ.சி.க்காரர்களுக்கு ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் பதினெட்டு பேர் உட்காரலாம். மீதி 63. கேள்வித்தாளில் இருந்தது வானத்திலிருந்து குதித்த எண் அல்ல, நெல்லை எக்ஸ்பிரஸிலும் முத்துநகரிலும் முட்டி மடக்கிப் போய்வந்த அதே பெட்டி.

"சரி, புதுசா எல்.எச்.பி. பெட்டி வந்துட்டுது. ஸ்லீப்பர்ல எண்பது பெர்த். இப்ப என்ன செய்வீங்க?" பாதி வகுப்பு தன் நிரலுக்குள் போய் 63 என்ற எண்ணை ஒவ்வொரு இடமாகத் தேட ஆரம்பித்தது. ஒருவர் கண்ணில் பட்ட 63-ஐ எல்லாம் 80 ஆக்கினார். ஆர்.ஏ.சி.க்குக் கொடுத்த பக்கவாட்டு பெர்த்தும் அதில் சேர்ந்துவிட்டது. அவருடைய ரயிலில் ஒரே இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்துபோனார்கள். நடைமுறைக்கு அதுதான் நெருக்கம் என்று அவர் வாதாடினார்.

அடுத்தது கடைசி பெர்த். இரண்டு பேர் ஒரே நொடியில் அதே பெர்த்தைக் கேட்டால்? கணினி வருவதற்கு முன்னால் இந்தச் சிக்கலே கிடையாது. முன்பதிவு பேரேட்டில் நடந்தது. பேரேடு ஒன்று, எழுதுகிற கை ஒன்று. ஒருவர் பெயரை எழுதி முடிக்கும்வரை அடுத்தவர் கம்பிக்கு வெளியே நின்றாக வேண்டும். பாடப்புத்தகம் லாக் என்று சொல்வதை ரயில்வே குமாஸ்தா முழங்கையால் செய்துகொண்டிருந்தார். 1985-இல் டெல்லியில் கணினி முன்பதிவு சோதனையாக வந்தது. 1999-இல் நாட்டின் முன்பதிவு மையங்கள் ஒரே வலையில் இணைந்தன. 2002-இல் இணையத்தில் டிக்கெட் வந்தது. முழங்கைகள் கோடிக்கணக்கில் பெருகிவிட்டன.

பணம் கட்டி முடிக்கும்வரை பெர்த்தைப் பிடித்து வைப்பதா, பணம் வந்த பிறகு ஒதுக்குவதா? முன்னதைச் செய்தால் ஓ.டி.பி. தேடுகிறவருக்காக ஊரே நிற்கும். பின்னதைச் செய்தால் பணம் போயும் பெர்த் கிடைக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். இரண்டுமே சரி, இரண்டிலுமே வலி உண்டு. எந்த வலியை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று சொல்லத் தெரிகிறதா என்பதுதான் தேர்வு. ஒரு மார்க் கேள்வியில் வளர்ந்த வகுப்புக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே பட்டது. "ஆன்சர் ஏவா பியா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தட்கல் வந்ததும் சத்தம் கூடிவிட்டது. காலை பத்துக்கு ஏ.சி., பதினொன்றுக்கு மற்ற வகுப்பு. 2025 மே 22 அன்று பத்து மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானது, அதுவரை காணாத உச்சம். தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய முயல்வதில் பாதிவரை மனிதர்களே அல்ல, தானியங்கி நிரல்கள் என்று ரயில்வே அமைச்சகம் சொன்னது. அந்த ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். பெட்டி வரைகிறவர்கள் இதை முதலில் யோசிக்க மாட்டார்கள். சர்வரைப் பெருக்குவது ஒரு வழி, வரிசையில் நிற்கிறவர் ஆள்தானா என்று பார்ப்பது இன்னொரு வழி, ஏ.சி.க்கும் ஸ்லீப்பருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுக் கூட்டத்தைப் பிரிப்பது மூன்றாவது. மூன்றாவதற்கு ஒரு சர்வரும் வாங்க வேண்டியதில்லை.

பருவ இறுதியில் மாதிரி இன்டர்வியூ வைத்தார்கள். பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஐ.டி.யில் நல்ல பதவி, வந்ததும் விமானத்தில். புதூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தியிடம் ரயில் கேள்வியைக் கொடுத்தார்கள். விளாத்திகுளம் புதூர்தான். அவள் மார்க்கரைத் தொடவில்லை.

"சார், ஆர்.ஏ.சி.ல ரெண்டு பேர் ஒரே பெர்த்துல இருக்காங்க. சார்ட் போட்ட பிறகு ஒருத்தர் வராம போயிட்டார்னா, மத்தவருக்கு முழு பெர்த்தா, இல்ல வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவரை அங்க உக்கார வைக்கணுமா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முழு பெர்த்னுதான் நினைக்கிறேன்" என்றார் ஒருவர். "அது டி.டி.ஈ. முடிவு பண்றது, சிஸ்டத்துல வராது" என்றார் மற்றவர். "இப்ப அவங்க கையில மெஷின் இருக்கே சார், அதுல போட்டாத்தானே அடுத்த ஸ்டேஷன்ல காலின்னு காட்டும்?" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் இருவருக்குள் வாக்குவாதம் முற்றிவிட்டது. அவளுக்கு ஒதுக்கிய முப்பது நிமிடமும் அதிலேயே போனது. பலகையில் ஒரு பெட்டியும் இல்லை. மதிப்பெண் தாளில் 'டயக்ராம்' என்ற கட்டத்துக்கு நேரே என்ன போடுவது என்று டீ குடிக்கிறவரை யோசித்தார்கள்.