டபிள்யூ-180

பண்ருட்டியில் முந்திரிக்குத் தரம் சொல்வது எண்ணில். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கிறது என்பதுதான் கணக்கு. டபிள்யூ-320 என்றால் முந்நூற்றுச் சொச்சம். டபிள்யூ-180 என்றால் நூற்றெண்பதுக்குள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. கம்பெனிகளுக்குச் சாமான் சப்ளை செய்கிற எங்களுக்கு இந்தப் பட்டியல் வேறொரு காரணத்துக்காகவும் மனப்பாடம். தீபாவளிக்குப் பர்ச்சேஸ் மேனேஜர் வீட்டுக்கு 180. அவருக்கு அடுத்தவருக்கு 240. ஸ்டோர்ஸுக்கு 320. பில் செக்‌ஷனுக்கு இரண்டாய்ப் பிளந்தது. கேட்டில் நிற்பவருக்கு உடைசல். பெட்டி மாறிப் போய்விட்டால் அடுத்த தீபாவளி வரை பகை. பலா சீசனில் இந்தத் தொல்லை கிடையாது. கார் டிக்கி கொண்ட மட்டும்.

இதெல்லாம் லஞ்சம் இல்லை, பிரியம். லஞ்சம் தனி.

கையுறை, சேஃப்டி ஷூ, வெல்டிங் ராடு, வி-பெல்ட், பனியன் வேஸ்ட்: பண்ருட்டியிலிருந்து நெய்வேலிப் பக்கம், கடலூர்ப் பக்கம், புதுச்சேரிப் பக்கம் என்று எந்தத் திசைக்கும் வண்டி ஏற்றுகிறோம். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அரசுடையதா, தனியாருடையதா என்றுகூடக் கேட்காதீர்கள். கைநீட்டும் விஷயத்தில் இரண்டுக்கும் நல்ல ஒற்றுமை.

மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது விதி. போட்டி இருக்க வேண்டுமாம். “மூணையும் நீங்களே கொடுத்துடுங்க முதலாளி, எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்” என்பார் ஆபீசர். அதனால் இங்கே சப்ளையர் வீடென்றால் மூன்று லெட்டர்பேடு இருக்கும். தன் பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று, காலமான பெரியப்பா பெயரில் ஒன்று. பெரியப்பா எப்போதும் அதிக விலை கேட்டுத் தோற்பார். ஜி.எஸ்.டி. வந்த பிறகு அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அத்தையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் போர்ட்டல் வந்தது. மத்திய அரசு 2016இல் ‘ஜெம்’ இணையச் சந்தையைத் திறந்தபோது, இனி ஆள் முகம் பார்க்காமல் ஆர்டர் வரும் என்றார்கள். வருகிறதுதான். ஆனால் வந்த கையுறையைத் தொட்டுப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்துப் போடக் கம்ப்யூட்டருக்குக் கை இல்லை. அந்தக் கை மனுஷனுடையது. அது ஸ்க்ரூ கேஜை எடுக்கும். தோலை இடுக்கும், திருகும், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கும். “ஸ்பெசிஃபிகேஷனைவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கே” என்று பெருமூச்சு விடும். மொத்த லாட்டும் ரிஜெக்‌ஷன் என்று சிவப்பு இங்கில் எழுதிக் கேட் ஓரம் தள்ளி வைக்கும். சாயந்தரம் ஆள் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் காலை அதே தோல், அதே கேஜ், அளவு சரி. ராத்திரியோடு ராத்திரியாக மாட்டுத் தோல் தடிக்கிற இந்த அதிசயத்தை ஐ.ஐ.டி.யில் யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கமிஷனைச் சப்ளையர் தன் லாபத்திலிருந்து கொடுக்கிறான் என்று நினைப்பவர் வியாபாரம் பார்த்ததில்லை. எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலைக்காரன், ஆக வேண்டுமென்று விலையை ஏற்கெனவே எலும்பு தெரியச் சீவியாயிற்று. மிச்சம் சீவ இருப்பது சாமான்தான். அதனால் அடுத்த லாட்டில் தோல் நிஜமாகவே மெலிகிறது. ஷூ முனையில் இரும்புத் தொப்பி இருக்க வேண்டிய இடத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் உட்காருகிறது. இப்போது ஸ்க்ரூ கேஜ் வாயே திறப்பதில்லை. அந்தக் கையுறை யாருக்குப் போகிறது? மேனேஜருக்கா? அவர் ஏ.சி. அறையில் பேனா பிடிக்கிறார். அது போவது ஒப்பந்தத் தொழிலாளியின் கைக்கு. சூடான குழாயை அவன் பிடிக்கிற அந்த நொடியில், பர்சன்டேஜ் எவ்வளவு என்று எங்கள் ஆடிட்டரைவிடத் துல்லியமாக அவனுக்குத் தெரிந்துவிடும். கொப்புளம் வந்தால் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்: தொழிலாளியின் கவனக்குறைவு.

சட்டம் இல்லையா? இருக்கிறதே. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தி, கொடுப்பதும் குற்றம், ஏழு வருஷம் வரை சிறை என்றார்கள். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், கொடுத்த ஏழு நாளுக்குள் போய்ச் சொல்லிவிட்டால் தப்பலாம். ஏழாம் நாள் வரை நீ பாதிக்கப்பட்டவன். எட்டாம் நாள் குற்றவாளி. சொன்னால் என்ன ஆகும்? ரசாயனம் தடவிய நோட்டு, சிவந்த கை, பேப்பரில் போட்டோ. ஒருவர் சஸ்பெண்ட் ஆவார். அவர் நாற்காலிக்கு வருகிறவர் முதல் வேலையாக உன் பெயரை வென்டர் லிஸ்ட்டில் அடிப்பார். தனியார் கம்பெனி மேனேஜருக்கோ இந்தக் கவலைகூட இல்லை. அவர் அரசு ஊழியர் அல்ல. அந்தச் சட்டம் அவரைத் தொடாது.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006இலேயே சட்டம் போட்டார்கள். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி கேட்டு வழக்குப் போடுகிற தைரியசாலிக்கு வட்டி கிடைக்கலாம். ஆர்டர் கிடைக்காது.

பெரிய இடத்துக் கணக்கும் இதேதான், பூஜ்யம் மட்டும் கூடுதல். சென்னையில் காக்னிசன்ட் வளாகத்துக்குத் திட்ட அனுமதி கொடுக்க, 2014இல் தமிழ்நாட்டு அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டார், கம்பெனி அதைக் கட்டுமான ஒப்பந்ததாரர் மூலம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கூடுதல் வேலை நடந்ததாகப் பொய் பில் போட்டு ஈடுகட்டியது என்றது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம். 2019 பிப்ரவரியில், ஒப்பவும் இல்லை மறுக்கவும் இல்லை என்று சொல்லி, இரண்டரைக் கோடி டாலர் கட்டிவிட்டு எழுந்தது கம்பெனி. கேட்ட அதிகாரிக்கு அந்த ஆவணத்தில் பெயரே கிடையாது. பொய் பில் போடும் கலையைப் பண்ருட்டி பஜாரிலேயே கற்றிருக்கலாம். டியூஷன் ஃபீஸ் குறைவு. வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தை ஜெர்மன் கம்பெனிகள் 1999 வரை செலவென்று காட்டி வரி குறைத்துக்கொண்டன. நாங்கள் பாவம், ‘போக்குவரத்துச் செலவு’ என்று எழுதி ஒளிக்கிறோம். அமெரிக்காவுக்கும் இப்போது அலுத்துவிட்டது: வெளிநாட்டு லஞ்சச் சட்டத்தின் அமலாக்கத்தை 2025 பிப்ரவரியில் ட்ரம்ப் நிறுத்திவைத்தார், காக்னிசன்ட் முன்னாள் அதிகாரிகள் இருவர் மீதான வழக்கை ஏப்ரலில் அரசே கைவிட்டது.

நம் நாடு அப்படிக் கைவிடாது. கே. சந்தானம் என்ற தமிழர் தலைமையிலான குழு சொல்லி, 1964இல் மத்தியக் கண்காணிப்பு ஆணையம் அமைத்தோம். வருஷா வருஷம் படேல் பிறந்த நாளை ஒட்டி ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரமும் கொண்டாடுகிறோம். எல்லோரும் வரிசையில் நின்று கை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். கை நீட்டுவதில் யாருக்கும் பயிற்சிக் குறைவு இல்லை. உறுதிமொழி வாசகத்தைப் பேனராக அடிக்கவும் மூன்று கொட்டேஷன் உண்டு. போன வருஷம் பேனர் அடித்துக் கொடுத்த நண்பருக்குப் பில் இன்னும் பாஸ் ஆகவில்லை. நேரில் போய்க் கேட்டிருக்கிறார். “உறுதிமொழியில ஒரு எழுத்துப் பிழை இருக்குன்னு மேல சொல்றாங்களே முதலாளி” என்றாராம் பில் கிளார்க். “ஒண்ணும் பிரச்சினை இல்ல. சாயந்தரம் ஒரு போன் பண்ணுங்க.”