பசை யானைக்குத் தையல் போடுவது எப்படி?

பேத்தி பிறந்த சந்தோஷத்தில், யானை வைத்துப் போர்வை தைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால் ஒரு தூக்கம் போடுங்கள். எழுந்த பிறகும் தோன்றினால் மேலே படியுங்கள்.

துணியில் யானை வெட்டி, இன்னொரு துணிமேல் ஒட்டி, அடியில் பஞ்சு விரித்து, அதற்கும் அடியில் ஒரு துணி வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து மிஷினில் ஓட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். தேரில் தொங்கும் தொம்பையில் யாளியும் தாமரையும் துண்டுத் துணியாக வந்து உட்கார்ந்தவைதானே? நம்மால் முடியாதா?

முதலில் பசைத்தாள். இதில் இரண்டு வகை உண்டு. ஒட்டினால் போதும், தைக்கவே வேண்டாம் என்கிற கெட்டிப் பசை ஒன்று. மேலே தைப்பதற்கென்றே மெல்லிய பசை இன்னொன்று. கெட்டியானதையே வாங்குங்கள், நான் அதைத்தான் வாங்கினேன். கெட்டியாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் அல்லவா? உறையில் இருப்பதைப் படிக்க வேண்டாம், கண்ணாடி தேட வேண்டியிருக்கும்.

புதுத் துணியை அலசாதீர்கள். அதிலுள்ள கஞ்சிமேல் பசை ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். மிச்சத்தை முதல் துவையலில் சுருங்கும் துணி பார்த்துக்கொள்ளும்.

பசைத்தாளில் யானை எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கமே பார்க்க வரையுங்கள். தாளை ஒட்டுவது துணியின் பின்பக்கத்தில். ஆகவே வெட்டித் திருப்பினால் யானையும் திரும்பிக்கொள்ளும். என் போர்வையில் நாலு குட்டிகளும் தாய்க்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. சொத்துத் தகராறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இஸ்திரிப்பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் சட்டைக்குத் தேய்ப்பதுபோல் சர்ரென்று இழுங்கள். தும்பிக்கை வால் பக்கம் போய்ச் சேரும். பசைப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் இஸ்திரிப்பெட்டிக்கே நிரந்தரமாக ஒரு யானை கிடைக்கும். விவரமானவர்கள் பசைத்தாளின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் விடுவார்கள். யானை மெத்தென்று இருக்கும். நம் யானை அட்டை மாதிரி விறைப்பாக நிற்கட்டும், கம்பீரம்!

இனி மிஷின். போன பொங்கலுக்கு ஜாக்கெட் தைத்த அதே 11 நம்பர் ஊசி போதும். பத்துத் தையல் ஒழுங்காகப் போகும். பிறகு ஊசி சூடேறி, பசை அதில் அப்பிக்கொண்டு, நூல் பிரிந்து பிரிந்து அறும். தையல் விட்டு விட்டு விழும். உடனே டென்ஷன் திருகைத் திருகுங்கள். எந்தப் பக்கம் என்ற ஆராய்ச்சி வேண்டாம். அதற்கும் சரியாகாவிட்டால் பாபின் கேஸைக் கழற்றி எண்ணெய் விடுங்கள். யானைக்கு மதநீர் ஒழுகுவதுபோல் ஒரு கறை வரும். கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் மிஷினைத் திறக்கவே இல்லை.

"ஊசி எப்பம்மா மாத்தினீங்க?"

"மாத்தணுமா?"

அவர் 14 நம்பர் புது ஊசி போட்டார், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அடிக்கடி துடைக்கச் சொன்னார், ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து, துணியைத் தள்ளும் மிஷின் பல்லை இறக்கிவிட்டு, எம்ப்ராய்டரி ஃபுட் மாட்டி, துணியை நம் இஷ்டத்துக்கு நகர்த்தி ஓட்டும் கட்டம் இது. யானையைச் சுற்றி மட்டும் ஓட்டினால் அது உப்பலாக எழும்பி அழகாக இருக்கும். ஆனால் ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு தையல் போடாவிட்டால் துவைக்கத் துவைக்க நூல் பிரியும். மேலேயே ஓட்டினால் பிரியாது, யானைதான் வரிக்குதிரையாகும். நடுவிலிருந்து வெளியே போக வேண்டும் என்பது சாஸ்திரம். நாலு ஓரத்திலிருந்தும் உள்ளே வாருங்கள். மிச்சத் துணியெல்லாம் யானையின் வயிற்றில் வந்து கூடி நிற்கும். முந்தானையும் சேர்ந்து தைபடும். முடித்துவிட்டு எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

பிரிக்கலாமா? பிரிக்கலாம். ஆனால் பசை போட்ட துணியில் ஊசி போன ஓட்டை மூடாது. என் பெரிய யானைக்கு அம்மை போட்டதுபோல் இருக்கிறது.

பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. இன்னும் ஒரு குட்டி பாக்கி. டவுன் பக்கம் போகிறவர்கள் 14 நம்பர் ஊசி ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள், காசு கொடுத்துவிடுகிறேன்.